தெரிந்த சொல்தான் காலை வாரும்

வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆங்கிலத்தில் மார்க்கை விடுவது கடினமான சொற்களில்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை. 'யுபிக்விடஸ்', 'மெட்டிக்குலஸ்' என்று வாயில் நுழையாத சொற்களை எல்லாம் உருப்போட்டு ஒப்பித்துவிடுகிறார்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் என்பதால் படித்தது அப்படியே நிற்கும். சறுக்குவதெல்லாம் 'டெண்டர்', 'சார்ஜ்', 'ஃபேர்', 'ரஃப்' மாதிரி சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருக்கும் சொற்களில். தெரிந்த சொல்தானே என்று அகராதியைத் திறக்கவே மாட்டார்கள். கேள்வி எடுப்பவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

நான் தக்கலைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு இந்தத் தேர்வை எழுதி உள்ளே வந்தவள் என்பதால், சொந்தக்காரப் பிள்ளைகளும் தெருப்பிள்ளைகளும் சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வங்கித் தேர்வு, மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, அப்புறம் வெளிநாட்டு வேலைக்காக ஐஈஎல்டிஎஸ், மருத்துவத் துறைக்காரர்களுக்கான ஓஈடி என்று ஆங்கிலத் தேர்வு எழுதுகிற நர்ஸ் பிள்ளைகள். குமரி மாவட்டத்தில் நர்ஸ் இல்லாத தெரு ஏது?

எல்லாரும் கொண்டுவரும் சொற்பட்டியல் ஒரே மாதிரிதான் இருக்கும். இடதுபக்கம் ஒரு சொல், வலதுபக்கம் அதற்கு இணையான சொற்கள் நாலைந்து, நடுவில் கமா. ஒரு பட்டியலில் 'டெண்டர்' என்பதற்கு எதிரே ஸாஃப்ட், ஜென்டில், ஸோர், ஆஃபர், பிட் (bid) என்று போட்டிருந்தது. ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஸாஃப்ட்டுக்கும் பிட்டுக்கும் என்ன உறவு? வடசேரியில் ஒரே பஸ்ஸில் ஏறியதால் அஞ்சு பேர் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்களா? ஒரு சொல்லுக்கு நாலு பொருள் இருந்தால், அந்த ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக இணைச்சொற்கள் உண்டு. ஒன்றுக்கு உரியதைத் தூக்கி இன்னொன்றுக்கு வைத்தால் வாக்கியம் கெட்டுப்போகும். பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிற வேலைகள்.

அந்த டெண்டரையே எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் மகள் ஒரு மாதிரித் தேர்வில் மாட்டிக்கொண்டு நின்றாள். மேலாளர் தன் ராஜினாமாவை 'டெண்டர்ட்' என்று வாக்கியம். அந்த இடத்தில் வைக்க நாலு விடைகள்: ஸாஃப்டன்ட், சப்மிட்டட், டிலேய்ட், டினைட்.

"மாமி, டெண்டர்னா மென்மைதானே? ராஜினாமாவை எப்படி மென்மையாக்குவாங்க?"

"அதை விடு. நம்ம ஊருல டெண்டர்ங்கிற சொல்லை எங்கெல்லாம் பாத்திருக்கே? யோசிச்சுச் சொல்லு மக்களே."

யோசித்தாள். ரோட்டோரத்து இளநீர் வண்டியில் 'டெண்டர் கோகனட்' என்று போர்டு. பஞ்சாயத்தில் ரோடு போடுவதற்கு டெண்டர். பக்கத்தில் ஓஈடிக்குப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் பிள்ளை நிமிர்ந்து, "வயித்தை அமுக்கிப் பாக்கும்போது வலிச்சா, கேஸ் ஷீட்ல டெண்டர்னுதான் எழுதுவோம் அக்கா" என்றாள். என் பங்குக்கு வங்கிச் சங்கதி ஒன்று. 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, ஆங்கிலத்தில் அந்த நோட்டுகள் இனி 'லீகல் டெண்டர்' அல்ல என்றுதான் சொன்னார்கள். அதற்கு அடுத்த வாரங்களில் கவுன்டரில் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

வந்த எல்லாவற்றையும் இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொன்னேன். இளநீரும் வயிறும் ஒரு பக்கம்: இளசு, மெத்தென்றது, தொட்டால் தாங்காதது. பஞ்சாயத்தும் நோட்டும் ராஜினாமாவும் மறுபக்கம்: ஒருவர் முன்னால் நீட்டுவது. இந்த விலைக்கு வேலையை முடித்துத் தருகிறேன் என்று நீட்டுவது, கொடுக்கவேண்டிய பணத்துக்கு நோட்டை நீட்டுவது, நான் போகிறேன் என்று கடிதத்தை நீட்டுவது. உண்மையில் இவை இரண்டு வேறு சொற்கள். ஒன்றுக்கு மூலம் 'தேனெர்' என்ற லத்தீன் சொல், மென்மையானது என்று பொருள். மற்றதற்கு மூலம் 'தெந்தெரே', நீட்டுவது. இரண்டும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்ததில் எழுத்து ஒன்றாகிவிட்டது. சில பெரிய அகராதிகளில் இப்படிப்பட்ட சொல்லின் தலையில் பொடியாக 1, 2 என்று எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்தால் ஒட்டும் உறவும் இல்லாத வேறு சொற்கள் என்று புரிந்துகொள்ளலாம். மூன்றாவதாக ஒரு டெண்டரும் உண்டு. நீராவி ரயிலில் இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றிவரும் வண்டி அது. தேர்வுக்கு வராது, எனக்கு ரயில் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன்.

இணைச்சொற்களை அதற்கு அப்புறம்தான் நோட்டில் எழுதினோம். ராஜினாமாவோடு வந்தால் சப்மிட், ஹேண்ட் இன். பஞ்சாயத்து வேலையோடு வந்தால் பிட். வயிற்றோடு வந்தால் ஸோர், பெயின்ஃபுல். இறைச்சியோடு வந்தால் ஸாஃப்ட். 'டெண்டர் ஏஜ்' என்று வயதோடு வந்தால் யங். ஒரே குவியலுக்குள்ளும் இடம் மாற்ற முடியாது என்பதைக் கவனியுங்கள். 'ஸோர் கோகனட்' என்று இளநீருக்குப் போர்டு வைத்தால் ஒருத்தரும் வண்டி பக்கம் வரமாட்டார்கள்.

இப்படித்தான் நோட்டில் ஒரு சட்டம் வந்தது. எந்தச் சொல்லையும் தனியாக எழுதக்கூடாது. கூட வருகிற சொல்லோடு சேர்த்துத்தான் எழுதவேண்டும். இடதுபக்கம் 'டெண்டர்' என்று எழுதாமல் 'டெண்டர் எ ரெசிக்னேஷன்' என்று எழுதவேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் மூன்று, மிஞ்சினால் நாலு வரி. அகராதியில் பதினேழு பொருள் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் இறக்கினால், ஒரு மாதத்தில் நோட்டு பரணுக்குப் போய்விடும்.

எல்லாச் சொல்லும் இப்படி இரண்டாகப் பிரிந்துவிடாது. ஒரே வேரிலிருந்து கிளை கிளையாகப் போகிற சொற்கள்தான் அதிகம். அங்கே குவியல் பிரிப்பதைவிட வேரைப் பிடிப்பது லாபம். குலசேகரம் பக்கத்திலிருந்து வரும் பையன் ஒருவன், 'அன்டாப்ட் பொட்டென்ஷியல்' என்ற இடத்தில் நின்றுவிட்டான். டாப் என்றால் அவனுக்குத் தண்ணீர்க் குழாய். அதை விட்டால் போன் திரையில் விரலால் தட்டுவது.

"உங்க அப்பா விடியக்காலத்துல தோட்டத்துல என்ன செய்வாரு?" என்று கேட்டேன்.

"ரப்பர் பால் வெட்டுவாரு."

"அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"டாப்பிங்" என்றவன் தானே சிரித்துவிட்டான்.

பட்டையைச் சாய்வாகச் சீவினால் பால் வடிந்து சிரட்டையில் சேரும். உள்ளே இருப்பதை ஒரு திறப்பு வைத்து வெளியே இழுப்பது, அதுதான் வேர். பீப்பாயின் அடைப்புக்குத்தான் முதலில் இந்தப் பெயர். பிறகு தண்ணீர்க் குழாய். போனை டாப் செய்வது என்றால் கம்பியில் ஓடுகிற பேச்சை நடுவில் உருவுவது. இணைச்சொல் இன்டர்செப்ட், பக் (bug). வளங்களை டாப் செய்வது என்றால் எடுத்துப் பயன்படுத்துவது. இணைச்சொல் யூட்டிலைஸ், எக்ஸ்ப்ளாயிட். அன்டாப்ட் என்றால் இன்னும் கத்தி படாத மரம், அதாவது அன்யூஸ்ட். இது அவனுக்கு மறக்கவே மறக்காது. தோளில் தட்டுகிற டாப் மட்டும் வேறு சொல், அதற்கு இணை பேட் (pat). இங்கே இன்னொன்றும் இருக்கிறது. எக்ஸ்ப்ளாயிட் என்ற இணைச்சொல்லுக்கே இரண்டு முகம் உண்டு. வளத்தோடு வந்தால் பயன்படுத்துவது, தொழிலாளியோடு வந்தால் சுரண்டுவது. அதனால் இணைச்சொல்லையும் ஒருமுறை அகராதியில் தட்டிப் பார்த்துவிடச் சொல்வேன்.

இதெல்லாம் இங்கிலீஷ்காரன் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பலபொருள் ஒருசொல் இரண்டு வகை என்று வருகிறது: வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது. உரைகாரர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். மா பூத்தது என்றால் மரம்தான், விலங்கு பூக்காது. மா வீழ்ந்தது என்றால் மரமா விலங்கா என்று அந்த வினையை வைத்துச் சொல்லமுடியாது. முன்னும் பின்னும் பார்க்கவேண்டும். அந்த நூலைத் தொல்காப்பியர் அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறக் காட்டினார் என்று பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு எங்கள் குமரி மாவட்டத்தில் இருக்கிற ஊர்தான் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் பெருமையாகச் சொல்கிற விஷயம். நானும் சொல்வேன்.

பிள்ளைகளுக்கு மாவைவிட 'வெள்ளம்' சுலபமாகப் புரிந்தது. எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த மேனேஜர், "கொஞ்சம் வெள்ளம் தாருங்க" என்று ஒரு பாட்டி கேட்டதும் முழித்தார். எங்கள் பிள்ளைகள் ஒருநாளும் முழித்ததில்லை. தா, குடி, கோரு என்று வந்தால் தண்ணீர்; ஏறு, வடி என்று வந்தால் ஆற்றுப்பெருக்கு. இதை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நிற்கிற சொல்லைக் காது தானாகப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதைக் கண்ணால் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

எதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டால், முதலில் ஒட்டிவருகிற சின்னச் சொல். சார்ஜுக்குப் பின்னால் 'வித்' வந்தால் குற்றம் சாட்டுவது, இணை அக்யூஸ். 'ஃபார்' வந்தால் பெரும்பாலும் காசு, இணை பில். 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பு. 'சார்ஜ் அட்' என்றால் பாய்ந்து வருவது, இணை ரஷ், அட்டாக். அப்புறம் அது எந்த உலகத்துச் செய்தி என்று பார்க்கவேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் 'டிப்ரெஷன்' என்ற சொல்லை வானிலை அறிக்கையில்தான் கேட்டார்கள். 'ஓவர் கொமோரின் ஏரியா' என்று வந்தால் குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 'சஃபரிங் ஃப்ரம்' என்று வந்தால் மனச்சோர்வு. 1929க்குப் பிறகு வந்த 'கிரேட் டிப்ரெஷன்' என்றால் பொருளாதார மந்தம், இணை ஸ்லம்ப்.

இதிலும் பிடிபடாவிட்டால் எதிர்ச்சொல்லைக் கேட்பேன். என் அனுபவத்தில் இதைப்போல வேலை செய்கிற வழி வேறில்லை. 'ரஃப்' என்று எழுதிக்கொள்ளுங்கள். கடலோடு வந்தால் எதிர் காம். மரப்பலகையோடு வந்தால் எதிர் ஸ்மூத். கணக்கோடு வந்தால் எதிர் எக்ஸாக்ட். நோட்டோடு வந்தால்? ஃபேர் நோட்டு! இந்த ஃபேரைப் பிடித்தால் அது இன்னொரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ரேஷன் கடை ஆங்கிலத்தில் 'ஃபேர் பிரைஸ் ஷாப்'. அங்கே எதிர் அன்ஃபேர், இணை ஜஸ்ட், ரீசனபிள். தோலின் நிறத்தோடு வந்தால் எதிர் டார்க். 'ஃபேர் வெதர்' என்றால் வானம் தெளிந்திருக்கிறது, எதிர் ஃபவுல். 'எ ஃபேர் நாலெட்ஜ்' என்றால் ஓரளவு தெரியும், இணை மாடரேட். எதிர்ச்சொல் மாறினால் பொருள் மாறிவிட்டது என்று அர்த்தம், இணைச்சொல்லும் மாறவேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க இந்த இரண்டு சொற்களிலேயே போயிற்று. கணக்குப் படிக்க வந்தவனும் அதில் உட்கார்ந்துவிட்டான்.

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. தினமும் புழங்குகிற சொல்லுக்கு வங்கிப் பொருள் மட்டும்தான் மண்டையில் நிற்கும். 'லோன் சாங்ஷன்' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம், அனுமதி என்ற பொருளில். செய்தித்தாளில் ஒரு நாட்டின் மேல் 'சாங்ஷன்ஸ்' என்று வந்தால் அது நேர் எதிர்: தடை. 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் எங்களுக்குக் கட்டவேண்டிய பாக்கி. ஒரு அண்ணாச்சி வங்கிக் கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "எம்மவன் ரிப்போர்ட் கார்டுலயும் இதே சொல்லுதான் போட்டிருக்கு. அங்கே பாராட்டு, இங்கே மிரட்டலா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? தொகையோடு வந்தால் அன்பெய்ட், டியூ. திறமையோடு வந்தால் எக்ஸலன்ட்.

உச்சரிப்பு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சில சொற்களில் எழுத்து ஒன்றாக இருந்து ஒலி மாறும், அப்போது பொருளும் மாறும். 'மினிட்' என்றால் நிமிஷம், அதே எழுத்தை 'மைன்யூட்' என்று வாசித்தால் மிகச் சிறியது, இணை டைனி. காயத்துக்கு 'வூண்ட்', கயிற்றைச் சுற்றியதற்கு 'வவுண்ட்'. காது கொடுத்துக் கேட்டால் பழகிவிடும்.

நர்ஸ் பிள்ளைகளுக்கு வருகிற சிக்கல் இதற்கு மறுபுறம். அவர்கள் விடையைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிட முடியாது, கடிதம் எழுதவேண்டும். ஓஈடியில் நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் கடிதம் ஒன்று எழுதச் சொல்வார்கள். ஐஈஎல்டிஎஸ் எழுத்துத் தேர்விலும் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண் இருக்கிறது. சொல்வளம் என்றவுடன், ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று போனில் ஆப்பைத் திறந்து இணைச்சொல் தேடுவார்கள். ஒரு பிள்ளை 'டிஸ்சார்ஜ்ட்' ஏற்கெனவே வந்துவிட்டதே என்று 'லிபரேட்டட்' என்று எழுதியிருந்தாள். நோயாளிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது! தொழிலுக்கென்று நிலைத்துவிட்ட சொல்லை மாற்றவே கூடாது. புண்ணிலிருந்து வடிவதும் டிஸ்சார்ஜ்தான், வீட்டுக்கு அனுப்புவதும் டிஸ்சார்ஜ்தான், எத்தனை முறை வந்தாலும் அப்படியே எழுதவேண்டும். சுற்றி இருக்கிற சாதாரணச் சொற்களில் வேண்டுமானால் வகை காட்டலாம்.

ஆப்பில் கிடைப்பது பெரும்பாலும் தெசாரஸ், அதாவது இணைச்சொற்களின் தொகுப்பு. அதை 1852இல் வெளியிட்ட ரோஜே ஒரு மருத்துவர். அவர் சொற்களை அகரவரிசையில் வைக்காமல் கருத்துவாரியாக அடுக்கியிருந்தார். நம் பழைய நிகண்டுகளான திவாகரமும் பிங்கலமும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே, தெய்வப் பெயர், மக்கள் பெயர் என்று பொருள்வாரியாக அடுக்கிவிட்டு, ஒருசொல் பல்பொருளுக்கென்று தனித் தொகுதியே வைத்தவை. இன்றைய ஆப்கள் அந்த அடுக்கைக் கலைத்து ஒரே கொத்தாகக் கொட்டிவிடுகின்றன. அதனால் தெசாரஸ் கடைசியில். முதலில் கற்பவர்களுக்கான அகராதி. லாங்மன் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விளக்கங்களைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். பல பொருள் உள்ள சொற்களுக்கு ஒவ்வொரு பொருளின் முன்னாலும் வழிகாட்டிப் பலகை போல ஒரு சின்னத் தலைப்பும் இருக்கும். காலின்ஸ் கோபில்டில் விளக்கமே முழு வாக்கியமாக வரும், கூட வருகிற சொல்லும் அதிலேயே கிடைத்துவிடும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆங்கிலம்–தமிழ் அகராதி பார்ப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் வருகிற முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள்.

தேர்வு அறையில் இதற்கெல்லாம் நேரம் இருக்குமா என்று கேட்பார்கள். வங்கி வேலைக்கான ஐபிபிஎஸ் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 20 நிமிஷம், 30 கேள்வி. ஒன்றுக்கு 40 விநாடி. வாக்கியத்தைப் படிக்கும்போது விடைகள் பக்கம் கண்ணை விடாமல், அந்த இடத்தில் நீங்களாக ஒரு சொல்லை வையுங்கள், தமிழ்ச் சொல்லானாலும் சரி. பிறகு விடைகளைப் பார்த்தால், பட்டியலில் மனப்பாடம் செய்த சொல் வந்து கையைப் பிடித்து இழுக்காது. தேர்ந்தெடுத்ததை வாக்கியத்தில் வைத்து மனதுக்குள் ஒருமுறை வாசிக்கவேண்டும். தப்பான விடைக்குக் கால் மார்க் போய்விடும். இரண்டில் ஒன்று என்ற நிலைக்கு வந்திருந்தால் போடலாம், எல்லாமே ஒரே மாதிரி தெரிந்தால் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

எல்லாச் சொல்லுக்கும் இந்த வழி சரிவராது. 'ரன்', 'செட்', 'கெட்', 'டேக்' இவற்றுக்கு நோட்டில் பக்கம் ஒதுக்கவேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் 'ரன்' என்ற வினைக்கு மட்டும் அறுநூறுக்கு மேல் பொருள் பிரித்திருக்கிறார்கள். அவற்றைச் சொற்றொடராகவே படித்துவிடுவது நல்லது. 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது, 'ரன் எ ஷாப்' என்றால் நடத்துவது, 'ரன் இன்ட்டு' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, முட்டிக்கொள்வது. பழைய கேள்வித்தாள்களில் கண்ணில் பட்டதை மட்டும் எடுத்து வையுங்கள். ஒரு தேர்வுக்கு அதுவே தாராளம்.